துன் வீ. தி. சம்பந்தன்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. அங்கும் பிற தோட்டங்களிலும் உழைத்த தமிழர் பலர், என்றாவது ஊர் திரும்புவோம் என்றே எண்ணியிருந்தனர். பிள்ளைகளோ இங்கேயே பிறந்து வளர்ந்தனர். அப்படியானால் அவர்களின் நாடு எது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் துன் சம்பந்தன். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த இவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார்; 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். 1957இல் நாடு விடுதலை பெற்றதும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்குமாறு தோட்டத் தொழிலாளர்களை வற்புறுத்தினார். பலர் தயங்கினர். விண்ணப்பித்தால் பிறந்த மண்ணை உதறியதாகிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. படிவம் நிரப்பத் தெரியாதவர்களும் இருந்தனர்.

குடியுரிமை மட்டும் வயிற்றை நிரப்பிவிடாது. அக்காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றனர். தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர். எனவே, 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்களாயினர்!

1969க்குப் பின்னர், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று. விண்ணப்பிக்காமல் இருந்துவிட்ட பலர் கப்பலேறினர். சம்பந்தன் பின்னாளில் தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் பணியாற்றி, 1979இல் காலமானார். கோலாலம்பூரிலுள்ள அச்சங்கத்தின் கட்டடம் இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்றே அழைக்கப்படுகிறது.