மேடை ஏறிய லோகிதாசன்

குட்டீஸ்... பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? திரைக்குப் பின்னால் நிற்கும்போது கை சில்லிட்டுப் போகும். மனப்பாடம் செய்த வசனமெல்லாம் மறந்துவிட்ட மாதிரி இருக்கும், இல்லையா? சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சியில் 10 வயதுப் பையன் ஒருவன் அப்படித் திரைக்குப் பின்னால் காத்திருந்தான். பெயர் தியாகராஜன். பின்னாளில் தமிழ்நாடே கொண்டாடிய எம்.கே. தியாகராஜ பாகவதர் அவன்தான்!

தியாகராஜன் பிறந்தது 1910 மார்ச் 1 அன்று, மாயவரத்தில். நாம் இப்போது மயிலாடுதுறை என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி நகை செய்யும் பொற்கொல்லர். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. காவிரிக்கரை ஊரிலிருந்து இன்னொரு காவிரிக்கரை ஊருக்கு! ஒரு பக்கம் மலைக்கோட்டை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம். இன்று ஸ்ரீரங்கத்தில் அண்ணாந்து பார்க்கிறீர்களே 236 அடி ராஜகோபுரம், அது அப்போது மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. 1987-ல்தான் கட்டி முடித்தார்கள்.

தியாகராஜனுக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டு, பாட்டு, எப்போதும் பாட்டுதான். அப்பாவுக்கோ அது பிடிக்கவில்லை. மகன் நாலு எழுத்துப் படித்து, தொழிலும் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பாடுவதும் ஆடுவதும் சோறு போடாது என்று எல்லாரும் நம்பிய காலம் அது. நாடகக்காரர்களைக் கூத்தாடி என்று இளக்காரமாகப் பேசுவார்கள்.

ஒருநாள் பையனைக் காணவில்லை! வீட்டில் எப்படித் தவித்திருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். போன் கிடையாது, டி.வி. கிடையாது. தேடித் தேடி, கடைசியில் அவன் ஆந்திரப் பக்கத்தில் இருக்கும் கடப்பாவில் இருப்பதாகத் தெரியவந்தது. அப்பா பதறிக்கொண்டு ஓடினார். அங்கே போய்ப் பார்த்தால், மகன் பாடிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் கூட்டம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருக்கிறது! மொழி தெரியாத ஊரில் பாட்டுக்கு மட்டும் ஆள் கூடியிருந்தது. அப்பா மனம் மாறினார். ஊருக்குத் திரும்பியதும், பஜனைகளில் பாட அவனுக்கு அனுமதி கிடைத்தது.

அப்படி ஒரு பஜனையில்தான் எஃப்.ஜி. நடேச ஐயரின் காதில் அந்தக் குரல் விழுந்தது. யார் இந்த நடேச ஐயர்? தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. அந்த ரயில்வேயின் தலைமையகம் அப்போது திருச்சியில் இருந்தது. பகலில் ஆபீஸ், மாலையில் நாடகம் என்று வாழ்ந்த மனிதர். 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவரும் அவரே.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நாடகம் இரண்டு விதமாக நடந்தது. ஒன்று, பாய்ஸ் கம்பெனி. அதில் சேரும் சிறுவர்கள் அப்பா அம்மாவைப் பிரிந்து, கம்பெனியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். நடிகர் திலகம் சிவாஜி கணேசனும் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்து, சின்ன வயதில் அப்படிக் கம்பெனியில் சேர்ந்தவர்தான். இன்னொன்று, சபா நாடகம். வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடி ஒத்திகை பார்த்து, தங்கள் ஊர் மக்களுக்காகப் போடும் நாடகம். ரசிக ரஞ்சன சபா இரண்டாவது வகை. வீட்டை விட்டு ஒருமுறை ஓடிப்போன பையனுக்கு, வீட்டில் இருந்துகொண்டே ஏற ஒரு மேடை உள்ளூரிலேயே கிடைத்தது!

சபாவில் 'அரிச்சந்திரா' நாடகம் போட ஏற்பாடு ஆகியிருந்தது. லோகிதாசன் வேடத்துக்கு நன்றாகப் பாடும் சிறுவன் ஒருவன் வேண்டும். அப்பாவின் சம்மதத்தோடு தியாகராஜன் லோகிதாசன் ஆனான்.

அரிச்சந்திரன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொய்யே சொல்லாத ராஜா நாட்டை இழக்கிறார். மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்கும் நிலைக்கு வருகிறார். தர்ப்பை பறிக்கப் போன மகனைப் பாம்பு கடித்துவிடுகிறது. பிள்ளையைச் சுமந்துகொண்டு அம்மா சுடுகாட்டுக்கு வந்தால், அங்கே காவல் நிற்பது அரிச்சந்திரன்! காசு கொடுக்காமல் சொந்த மகனையே எரிக்க விடமாட்டேன் என்கிறார். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து, அழுது, மறுபடியும் பார்க்க வருவார்கள். காந்திஜி சிறுவனாக இருந்தபோது குஜராத்தில் பார்த்து மனதைப் பறிகொடுத்ததும் இதே அரிச்சந்திரன் கதை நாடகம்தான்.

அப்போது நாடகம் என்றால் பாதிக்கு மேல் பாட்டு. மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவர் காதுக்கும் எட்டும்படி, தொண்டையை நம்பியே பாட வேண்டும். பின்னாளில் பாகவதர் உச்சஸ்தாயியில் அனாயாசமாகப் பாடினார் என்று புகழ்கிறார்களே, அந்தக் குரலுக்குப் பழக்கம் இந்த மாதிரி மேடைகளில் வந்ததுதான். ஆனால், லோகிதாசன் வேடத்தில் பாட்டைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. பாம்பு கடித்த பிறகு, அம்மா புலம்பி முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது!

நாடகத்தில் தியாகராஜன் பாட்டுக்கு ஊரே மயங்கியது. பாட்டைக் கேட்ட மதுரை பொன்னு ஐயங்கார் என்ற வயலின் வித்வான் அவனுக்கு முறையாகச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் கற்றுக்கொண்டான். நடிப்புக்கு நடராஜ வாத்தியார். இப்படி ஆறு வருடங்கள். பிறகு நடந்த கச்சேரியில், கஞ்சிரா வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மனம் நெகிழ்ந்து, பையனைப் பாகவதர் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதன்பின் அவர் நாடகங்களில் கதாநாயகன். 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாக அவரும், பவளக்கொடியாக எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்தார்கள். இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதையே 1934-ல் சினிமாவாக எடுத்தார். ஏறக்குறைய 50 பாட்டுகள்! நடித்துக்கொண்டே பாட வேண்டும். பின்னணி பாட ஆள் கிடையாது. மேடையில் பழகியவருக்கு அது சிரமமாகவா இருக்கும்? (அதே இயக்குநரின் 'சேவாசதனம்' படத்தில் 1938-ல் நடேச ஐயரும் நடித்தார். பையனுக்கு மேடை கொடுத்தவர், பையனுக்குப் பின்னால் சினிமாவுக்கு வந்தார்!)

'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி'... படங்கள் சக்கைப் போடு போட்டன. பட்டு ஜிப்பா, வைரக் கடுக்கன், தோளைத் தொடும் பாகவதர் கிராப்பு என்று இளைஞர்கள் அவரைப் பார்த்து முடி வளர்த்தார்கள். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஆனால், அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டு அவருக்குச் சிறையில்தான் கழிந்தன. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கில் பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை! திரையில் அவர் பாடப் பாடக் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவரோ கம்பிக்குப் பின்னால். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போனது. மறுபடியும் விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரையும் நிரபராதிகள் என்று விடுதலை செய்தார்கள்.

வெளியே வந்தபோது நிலைமை மாறியிருந்தது. கைவசம் இருந்த படங்கள் போய்விட்டன. சேர்த்த பணமும் கரைந்தது. 1948-ல் அவரே தயாரித்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. சர்க்கரை நோய் வேறு. ஆனாலும் மேடை அவரைக் கைவிடவில்லை. கூப்பிட்ட ஊர்களுக்கெல்லாம் போய்க் கச்சேரி செய்தார். 1959 அக்டோபரில்கூடப் பொள்ளாச்சியில் பாடினார். சில நாட்களில் உடல்நிலை மோசமாகி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். நவம்பர் 1 அன்று காலமானார். வயது 49.

உடலைத் திருச்சிக்கே கொண்டுவந்தார்கள். சங்கிலியாண்டபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. கடைசியாக அவர் நடித்த 'சிவகாமி' படம், அவர் மறைந்த பிறகு 1960-ல் வெளிவந்தது.