பெயரே செபமானவர் – புனித தேவசகாயம்

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். தென்காசி வீதியெங்கும் குளிர்ந்த காற்று! செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து நம்மைத் தழுவும் அதே தென்மேற்குக் காற்று, தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வீசுகிறது. அந்தக் கணவாயருகேயுள்ள காற்றாடி மலையில், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், விசுவாசத்துக்காகத் தம் உயிரை ஈந்தார் புனித தேவசகாயம். அவர் நமக்கு அயலார் அல்லர். அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் நம் நெல்லைச் சீமையில் உள்ள ஊர். நம் பங்கின் ஜூபிலி விழாவில் அவரது வாழ்வைச் சிறிது சிந்திப்பது நமக்குப் பெரும் நன்மை பயக்கும்.

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில், வசதியும் செல்வாக்கும் மிக்க ஓர் இந்துக் குடும்பத்தில் நீலகண்டன் பிறந்தார். கல்வியிலும் போர்ப் பயிற்சியிலும் தேர்ந்தார். மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆட்சியில், பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றினார். பிறர் அவரிடம் உதவி கேட்டு நின்றார்களேயன்றி, அவர் பிறரிடம் கைகட்டி நிற்க வேண்டிய நிலை இருந்ததில்லை.

அப்படிப்பட்டவர் வாழ்வில் சோதனை புகுந்தது. கால்நடைகள் மடிந்தன; குடும்பத்தில் இழப்புமேல் இழப்பு நேர்ந்தது. மனம் நொந்திருந்த அவருக்கு நண்பரானவர் தெலனாய் என்னும் கத்தோலிக்கர். அவரும் வீழ்ச்சியைக் கண்டவரே! 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையின் சார்பில் போரிட்டுத் தோற்று, கைதியாகி, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்தவர் அவர். தோற்றுப்போன ஒருவர், துன்புற்ற ஒருவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அருள் புகுந்த வாசல் அதுதான். வெற்றியின் வழியாக அல்ல, இழப்பின் வழியாகவே ஆண்டவர் அந்த வீட்டுக்குள் வந்தார்.

1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். லாசர் என்பது அவர் பெற்ற பெயர். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். தமிழில் அதுவே தேவசகாயம் ஆயிற்று. அவருடைய மனைவி பார்கவி அம்மையாரும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமறையில் சேர்ந்தார். அன்று பெயராக வந்த சொல், பின்பு வாழ்வாகவே மாற வேண்டியிருந்தது.

சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் தேவசகாயம் பழகியது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் அவர் சிறைப்பட்டார். பதவி போயிற்று, மானமும் பறிக்கப்பட்டது. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மேல் ஏற்றி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளையில் மாதக்கணக்கில் மரத்தில் கட்டி வைத்தார்கள். ஒரு வாய்த் தண்ணீருக்கும் காவலன் கையையே பார்த்திருக்க வேண்டிய நிலை! புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடிய அவர், செபித்துத் தம் முழங்கையால் பாறையில் மோத, நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த இடம் இன்றும் முட்டிடிச்சான் பாறை எனப்படுகிறது. அருவி கொட்டும் குற்றாலத்தருகே வாழும் நமக்கு ஒரு மிடறு நீரின் அருமை எளிதில் விளங்காது. எல்லா ஊற்றும் வற்றியபின் இறைவன் ஒருவரையே நம்பி நின்றவருக்கு அது விளங்கியது.

மூன்று ஆண்டு வேதனைக்குப்பின் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்தார்கள். விசுவாசிகள் எஞ்சியவற்றைத் தேடியெடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் என்ற பெருமை அவருக்கே உரியது. சாதிப் பட்டம் ஏதுமின்றி, தேவசகாயம் என்றே திருச்சபை அவரை அழைக்கிறது. கடவுளின் உதவியைத் தவிர வேறு பட்டம் அவருக்கு எதற்கு?

அன்பார்ந்த பங்கு மக்களே! ஜூபிலி விழாவில் நாம் கட்டியதையும் கொடுத்ததையும் கணக்கிட்டு மகிழ்கிறோம். அது தவறன்று. ஆனால் கொடுக்க இயலாமல், பெறுவதற்கு மட்டுமே கை நீட்டியிருப்பவர்களும் நம் பங்கில் உண்டு. படுக்கையில் கிடந்து பிள்ளைகள் ஊட்டும் கஞ்சியை உண்பவர்கள், கோயிலுக்கு வர இயலாமல் வீட்டிலேயே நற்கருணைக்குக் காத்திருப்பவர்கள், வேலையிழந்து வெளியே தலைகாட்டக் கூசுபவர்கள் – இவர்கள் தங்களைப் பாரம் என்று எண்ணி மருகுகிறார்கள். அவர்கள் பாரமல்லர்! அவர்களைத் தேடிச் சென்று தாங்குவது நம் கடமை. பிறர் கையை எதிர்பார்த்திருப்பது இழிவன்று என்று நமக்குக் கற்பிப்பது அவர்கள் தொண்டு. நாம் எல்லாருமே ஆண்டவரிடம் கையேந்தி நிற்பவர்கள்தாமே!

நம் பலம் ஓயும் நாள் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று புனிதர் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்ப்போம். அந்தப் பெயரே ஒரு செபம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!