வானம்பாடிக்குச் சொல் தந்தவர்

வேல்ஸ் நாட்டு மலைச்சரிவுகளில், விடியற்பொழுதில் புல்தரையிலிருந்து பாடிக்கொண்டே செங்குத்தாக மேலெழும் சிறு பறவை ஒன்று உண்டு. அதன் பாட்டைக் கண்டு தமிழர் அதனை வானம்பாடி என்றனர். வேல்ஸ் மக்களோ அதன் பறத்தலைக் கண்டு ஹெடித் என்றனர். அப்பறவை எழும் காட்சியையே பெயராகக் கொண்ட பழைய மெட்டு ஒன்று அந்நாட்டில் வழங்கி வந்தது. 1741ஆம் ஆண்டு இருபத்தொன்பது வயதில் மறைந்த தாவித் ஓவன் என்னும் இசைக்கலைஞர் அதனை இயற்றியதாக மரபுவழிச் செய்தி கூறுகிறது. விருந்தொன்றில் இரவெல்லாம் இசைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில், கல்லொன்றில் அமர்ந்து வானம்பாடியின் குரலைக் கேட்டு அவர் அம்மெட்டை அமைத்தாராம். கதை எவ்வாறாயினும் மெட்டு நிலைத்தது. அதற்கு வேல்ஸ் மொழியில் சொல் தந்தவர் ஜான் கெய்ரியோக் ஹியூஸ்.

1832ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் கெய்ரியோக் பள்ளத்தாக்கில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்பள்ளத்தாக்கின் பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்டார். 1847இல் வெளிவந்த அரசின் கல்வி அறிக்கை, வேல்ஸ் மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களின் தாய்மொழியே காரணம் எனக் குற்றஞ்சாட்டியது. அக்காலத்தில் வளர்ந்த இளைஞருக்கு ஆங்கிலமே பிழைப்பின் வாயில். கெய்ரியோக்கும் பதின்பருவத்திலேயே மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். பின்னர் அங்குத் தொடர்வண்டிச் சரக்கு நிலையத்தில் எழுத்தரானார்.

ஊரை விட்டு வந்தபின்பே ஊரின் இசை அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது எனலாம். மான்செஸ்டரில் இட்ரிஸ் வகன் என்னும் பாடகரின் நட்பு அவருக்கு வாய்த்தது. பெனில்லியன் என்னும் அரிய பாடுமுறையில் தேர்ந்தவர் அவர். நம் யாழை ஒத்த ஹார்ப் கருவி பழகிய மெட்டொன்றை இசைக்கத் தொடங்கும். பாடகர் சற்றுப் பொறுத்து, வேறொரு பண்ணில் செய்யுளைத் தொடங்குவார். இரண்டும் தனித்தனி வழியில் சென்று இறுதியில் ஒருங்கே முடிதல் வேண்டும். சொல்லின் ஓசை சிறிது பிசகினும் பாட்டு நிலைகுலையும். மெட்டின் நடைக்கேற்பச் சொல்லைப் பொருத்தும் கெய்ரியோக்கின் நுண்மைக்கு இத்தகைய பழக்கம் துணைநின்றிருக்க வேண்டும்.

1858இல் லாங்கோலன் நகரில் நிகழ்ந்த ஐஸ்டெத்வோட் என்னும் கலைவிழாவில் அவரது காதற்கவிதை பரிசு வென்றது. 1860இல் முதல் கவிதைநூல் வெளிவந்தது. ஆயினும் அவர் பெரிதும் உழைத்தது பழைய மெட்டுகளுக்காகவே. சொல்லின்றிக் கருவியில் மட்டும் வாழும் மெட்டு, இசைப்போர் மறைந்தால் தானும் மறையும். ஆங்கிலச் சொற்களோடு மட்டும் பாடப்பட்டால் வேற்றுமொழியாரின் உடைமையாகும். இதனை உணர்ந்தே போலும், மெட்டுகளைத் திரட்டி நான்கு தொகுதிகளாக வெளியிட அவர் திட்டமிட்டார். 1863இல் நூறு பாடல்கள் என்னும் பொருள்படும் பெயருடன் முதல் தொகுதி மட்டுமே வெளிவந்தது. எஞ்சியவை நிறைவேறவில்லை.

வானம்பாடிப் பாடலில் அவரது திறம் தெளிவாகப் புலப்படும். பறவையைப் போலவே மேலேறும் மெட்டுக்குக் குறுகிய, எளிய சொற்களையே அவர் தேர்ந்தார். புலமை காட்ட இடமிருந்தும் காட்டவில்லை. அதனால்தான் ஆட்டிடையரும் சுரங்கத் தொழிலாளரும் அப்பாடலைத் தமதாக்கிக்கொண்டனர்.

1865இல் லானிட்லோஸ் ஊரின் நிலைய அதிகாரியாகத் தாயகம் திரும்பினார். பின்னர் கயர்சூஸ் ஊரில், ஈயத்தாது ஏற்றிச்செல்லும் சிறு இருப்புப்பாதையின் மேலாளரானார். 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மறைந்த அவரது உடல் அருகிலுள்ள லான்ஊனோக் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வானம்பாடிப் பாடல் இன்றும் அந்நாட்டில் வேல்ஸ் மொழியிலேயே பாடப்பெறுகிறது.