விம்பிள்டன் மேட்டில் வாழ்ந்த ஆசிரியை

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டெனிஸ். நமக்கு எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோவில். கோவிலுக்குப் போய் வருகிற நம்மில் பலர், ரயில் நிலையத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் வருகிற பழைய ஹை ஸ்ரீற் பக்கம் போவதில்லை. அங்கே 21ஏ இலக்கக் கட்டடத்தில் 2017 ஆம் ஆண்டு ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். பாரதியார் தமது குருவாகக் கொண்ட சகோதரி நிவேதிதா அங்கே வாழ்ந்தார் என்பதைச் சொல்லும் பலகை அது.

அந்த அம்மையாரின் வாழ்க்கையை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அகதியாக வந்த நாளிலிருந்து நமது எதிர்காலத்தை நாம் தீர்மானித்ததில்லை. முதலில் விசாக் கடிதம் தீர்மானித்தது. பிறகு கிடைத்த வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு. ஐம்பதைத் தாண்டி, பிள்ளைகளும் வீட்டை விட்டுப் போன பிறகு, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் வருவதில்லை. வணிகமாணிப் பட்டம் பெற்று, இத்தனை வருடம் பிறருடைய ஐந்தொகையைத் தயாரித்துக் கொடுத்த நமக்கு, சொந்த வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுதத் தெரியவில்லை.

நிவேதிதாவின் இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். 1867 ஒக்டோபர் 28 ஆம் திகதி அயர்லாந்தின் டங்கனன் என்ற ஊரில் பிறந்தார். பாதிரியாரான தந்தை, மகளுக்குப் பத்து வயதாயிருக்கையில் இறந்துவிட்டார். பதினேழு வயதில் மார்கரெட் ஆசிரியை ஆனார். கெஸ்விக், ரக்பி, ரெக்ஸம், செஸ்ரர் என்று ஊர் ஊராக வேலை. திருமணம் செய்ய இருந்தவரும் இறந்துபோனார்.

1890களின் முற்பகுதியில் விம்பிள்டனுக்கு வந்தார். மனப்பாடத்தை விட்டு, விளையாட்டும் கைவேலையுமாகப் பிள்ளை தானே கண்டறியும்படி கற்பிக்கும் புதிய முறையில் அவருக்கு ஈடுபாடு. சிறிது காலத்தில் ரஸ்கின் பாடசாலை என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். இருபத்தெட்டு வயதில் தொழில், மதிப்பு, தாயும் தங்கையும் தம்பியும் பக்கத்தில். அதோடு நின்றிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1895 நவம்பரில் லண்டனில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் சுவாமி விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டார், மறுத்தார், அடுத்த ஆண்டு சுவாமி மீண்டும் வந்தபோதும் வாதிட்டார். இந்தியப் பெண்களுக்குக் கல்வி கொடுக்கும் வேலைக்குத் தாம் போகலாம் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் முளைத்தது. 1896 டிசம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்ட விவேகானந்தர், அடுத்த மாதம் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்திலும் பேசிவிட்டு இந்தியா போனது நம்மவர்களுக்குத் தெரிந்த கதை. அந்த நேரம் மார்கரெட் விம்பிள்டனில் பாடம் நடத்திக்கொண்டே யோசித்துக்கொண்டிருந்தார்.

1897 ஜூலையில் விவேகானந்தர் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஆசை வார்த்தை இல்லை. வெயில், வறுமை, மூடநம்பிக்கை, இரு பக்கத்தாரின் வெறுப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, நன்றாக யோசித்து முடிவெடுக்கச் சொன்னார். என்ன நடந்தாலும் தாம் கைவிடப் போவதில்லை என்றும் உறுதி கொடுத்தார். கணக்காளர் பாஷையில் சொன்னால், செலவுப் பக்கம் முழுவதையும் முதலிலேயே காட்டிவிட்டார். அதைப் பார்த்த பிறகும் மார்கரெட் புறப்பட்டார். 1898 ஜனவரி 28 ஆம் திகதி கல்கத்தாவில் இறங்கினார். மார்ச் 25 ஆம் திகதி தீட்சை பெற்று, அர்ப்பணிக்கப்பட்டவள் என்ற பொருளுள்ள நிவேதிதா ஆனார்.

அந்த நவம்பர் 13 ஆம் திகதி பாக்பஜாரில் அவரது பெண்கள் பாடசாலை தொடங்கியது. அன்னை சாரதா தேவியார் ஆசீர்வதித்துத் திறந்துவைத்தார். பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பும்படி வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் சிலரே. 1899 இல் நகரில் கொள்ளைநோய் பரவியபோது தெருவைக் கூட்டவும் இறங்கினார். பணமில்லாமல் பாடசாலை நின்றது. நிதி சேர்க்க மேற்கு நாடுகளுக்குப் போய், 1902 இல் திரும்பி வந்து மீண்டும் நடத்தினார். அதே ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி விவேகானந்தர் மறைந்தார். அரசியலில் ஈடுபட்டதால் மடத்தின் தொடர்பிலிருந்தும் விலக வேண்டி வந்தது. பாடசாலையை மட்டும் விடவில்லை.

கல்கத்தாவில் அவரைச் சந்தித்த பாரதியார், பெண் விடுதலை பற்றிய தெளிவை அவரிடம் பெற்றார். 1908 இலும் 1909 இலும் வெளியான தமது பாடல் நூல்களை அவருக்கே சமர்ப்பித்தார். ஒரு சிறிய சந்திப்பு தமிழுக்குத் தந்தது அவ்வளவு.

1911 ஒக்டோபர் 13 ஆம் திகதி டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானார். நாற்பத்துநான்கு வயது நிறையவில்லை. தம்மிடம் இருந்ததை இந்தியப் பெண்களின் கல்விக்கென்று உயில் எழுதியிருந்தார். அவர் பெயரில் அந்தப் பாடசாலை இன்றும் நடக்கிறது.

அவரையும் நம்மையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் விரும்பிப் போனவர், நாம் ஓடி வந்தவர்கள். இருபது வயதில் நமக்குத் தெரிவு இருக்கவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் அந்தச் சாட்டு செல்லாது. எதிர்காலம் பற்றி ஒரு பார்வை வேண்டுமென்றால் புதிய மனிதராக மாற வேண்டும் என்று நினைத்து நாம் தள்ளிப்போடுகிறோம். பதினேழு வயதில் ஆசிரியையாக இருந்த மார்கரெட், நாற்பத்துமூன்று வயதிலும் ஆசிரியைதான். யாருக்காகக் கற்பிப்பது என்பதைத்தான் மாற்றிக்கொண்டார். அதற்கும் இரண்டு வருடத்துக்கு மேல் யோசித்தார்.

நமது கையில் இருப்பது கணக்கு. வரிக் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல், புதிதாகக் கடை போட்டவர்களும் தனியே வாழும் முதியவர்களும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், ஒரு மேசை, காசு வாங்காமல். செலவுப் பக்கத்தை எழுதிப் பார்த்தோம். தாங்கக் கூடியதுதான். முதல் கிழமை ஒருவர் வந்தாலும் போதும்.