சிவப்புப் புத்தகக்காரர் ஹம்ப்ரி ரெப்டன்

பூங்காவோ, காடோ, புதுச் சாலையோ, எந்த நிலத் திட்டத்தையும் இப்போ கம்ப்யூட்டர்ல எப்படிக் காட்டுறாங்கன்னு பார்த்திருப்பீங்க. திரைக்கு நடுவுல ஒரு கோடு இருக்கும். அதை மௌஸால இழுத்தா, இன்றைய நிலம் மறைஞ்சு நாளைய நிலம் தெரியும். இதையே 230 வருஷத்துக்கு முன்னாடி வெறும் காகிதத்துல செஞ்ச ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹம்ப்ரி ரெப்டன் 1752-ல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் பிறந்தார். அவரை வியாபாரி ஆக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. 12 வயதிலேயே டச்சு மொழி படிக்க நெதர்லாந்துக்கு அனுப்பினார். பிறகு நார்விச் நகரில் ரெப்டன் துணி வியாபாரம் செய்தார், ஓடவில்லை. தபால் வண்டித் திட்டம் ஒன்றில் பணம் போட்டார், அதுவும் போச்சு. குடும்பம் பெரிசு, கையில் மிஞ்சியது படம் வரையும் திறமை மட்டும்தான்.

அப்போது இங்கிலாந்தின் பெரிய தோட்டக் கலைஞரான கேப்பபிலிட்டி பிரவுன் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தைப் பிடிக்கலாம் என்று 1788-ல், 36 வயதில், ரெப்டன் புதுத் தொழிலில் இறங்கினார். முதல் வேலை நார்விச் பக்கத்தில் கேட்டன் பார்க்.

அவருடைய ஆயுதம் சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகம். நிலத்துக்காரர் பலருக்கும் தனித்தனியாக ஒன்று. உள்ளே வாட்டர்கலர் ஓவியம், அதன்மேல் மடித்துத் திறக்கிற மாதிரி ஒரு காகிதத் துண்டு. மூடியிருந்தால் இப்போதைய நிலம். தூக்கினால், புதரும் வேலியும் போய் ஏரியும் தோப்பும் வந்திருக்கும். வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் சட்டென்று புரிந்துவிடும்!

ஆனா ஒண்ணு. பிரவுன் மாதிரி வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்து முடிப்பவர் அல்ல இவர். யோசனை சொல்லி, அதற்கு மட்டும் காசு வாங்கினார். அதனால் பல திட்டங்கள் புத்தகத்தோடு நின்றுவிட்டன. பேர் மட்டும் பரவியது. ஜேன் ஆஸ்டின் தன் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் இவர் பெயரையே சேர்த்திருக்கிறார்.

1811-ல் குதிரை வண்டி விபத்தில் முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். 1816-ல் வந்த கடைசி நூலில், எசெக்ஸில் இருந்த தன் சொந்த வீட்டின் படத்தையே போட்டார். மூடிய படத்தில் வாசலுக்கு எதிரே தெரு, இறைச்சிக் கடை, வேலியோரம் ஒரு பிச்சைக்காரர். தூக்கிப் பார்த்தால், வேலி ஊர்ப் புல்வெளிக்குள் தள்ளிப் போயிருக்கும். கடையை ரோஜாக்கள் மறைத்திருக்கும். பிச்சைக்காரரைக் காணோம்.

அனுமதி வாங்கித்தான் வேலியைத் தள்ளினார். இருந்தாலும் அந்த மனிதர் எங்கே போனார் என்று படம் சொல்லாது. வரைபவர் எதைக் காட்ட நினைக்கிறாரோ, அதுதான் தெரியும்.

1818-ல் ரெப்டன் இறந்தார். நார்ஃபோக்கின் எய்ல்ஷம் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் பயன்படுத்திய காகித மடிப்பு இன்று உங்க லேப்டாப்பில் லேயராக வந்து உட்கார்ந்திருக்கு. அடுத்த தடவை ஒரு திட்டத்துக்கு அழகான படம் ரெண்டர் பண்ணும்போது, அங்கே இப்போ யார் இருக்காங்க, எந்த லேயரை நாம அணைச்சு வெச்சிருக்கோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.