அடோல்ஃப் பூட்டெனன்ட்

அடோல்ஃப் பூட்டெனன்ட் (மார்ச் 24, 1903 – ஜனவரி 18, 1995) ஜெர்மனியைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். பாலின இயக்குநீர்கள் பற்றிய ஆய்வுக்காக 1939ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை லெயோபோல்ட் ருசிச்காவுடன் பகிர்ந்துகொண்டார். வேளாண்மையில் பயன்படும் இனக்கவர்ச்சிப் பொறிகளுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பும் இவருடையதே.

வாழ்க்கை

லேஹே என்னும் ஊரில் பிறந்தார். கோட்டிங்கெனில் விண்டவுசிடம் பயின்று 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். 1929இல் ஈஸ்ட்ரோனையும், 1931இல் ஆண்ட்ரோஸ்டிரோனையும் பிரித்தெடுத்தார். 1936இல் பெர்லினில் கைசர் வில்லெம் உயிர்வேதியியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அதே ஆண்டில் நாட்சிக் கட்சியிலும் சேர்ந்தார். ஜெர்மானியர் நோபல் பரிசு பெறுவதை ஹிட்லர் தடை செய்திருந்தமையால் பரிசை மறுக்க நேர்ந்தது. பட்டயமும் பதக்கமும் 1949இல்தான் கைக்கு வந்தன.

பட்டு அந்துப்பூச்சி ஆய்வு

பெண் அந்துப்பூச்சி ஆணை மணத்தால் ஈர்க்கிறது என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. அம்மணம் எந்தச் சேர்மம் என்பதே விடை தெரியாத வினா. பெருமளவில் வளர்க்கப்படுவதால் பட்டு அந்துப்பூச்சியைப் பூட்டெனன்ட் தேர்ந்தெடுத்தார். பிரித்தெடுத்த கரைசலில் தோய்த்த கண்ணாடிக் கோலை ஆண் பூச்சியின் அருகே நீட்டுவர். அது சிறகடித்தால் பொருள் அக்கரைசலில் உள்ளது என்று பொருள். இந்த எளிய சோதனையை நம்பியே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணி நடந்தது. சுமார் 5,00,000 பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்த தூய வழிப்பொருள் 12 மில்லிகிராம் அளவே. 1959இல் அது 16 கரிம அணுக்கள் கொண்ட ஆல்ககால் என அறிவிக்கப்பட்டு, பாம்பிகால் எனப் பெயரிடப்பட்டது. ஃபெரோமோன் என்னும் சொல்லும் அதே ஆண்டில், இவருடன் பணியாற்றிய பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் உருவாக்கியதாகும்.

பட்டு அந்துப்பூச்சி பயிருக்குப் பகையன்று, சரியாகப் பறக்கவும் இயலாதது. ஆயினும் இவ்வழியைப் பின்பற்றிப் பல தீங்குப் பூச்சிகளின் மணப்பொருள்கள் அறியப்பட்டன. ஆப்பிளைத் துளைக்கும் கோட்லிங் அந்துப்பூச்சிக்குரியது 1971இல் கண்டறியப்பட்டது. செயற்கையாகச் செய்த பொருளை ரப்பர்க் குப்பியில் ஊறவைத்துப் பொறியில் தொங்கவிடுவர். ஒரு பொறி ஒரே இனத்தின் ஆண் பூச்சிகளையே பெரும்பாலும் ஈர்க்கும். விழுந்தவற்றை எண்ணி, மருந்து தெளிக்கும் காலத்தை உழவர் முடிவு செய்கின்றனர். எண்ணிக்கை குறைவாயின் தெளிப்பே தேவைப்படாது.

பிற்காலம்

1960 முதல் 1972 வரை மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் தலைவராக இருந்தார். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து மெங்கலே அனுப்பிய குருதி மாதிரிகளைப் பெற்ற மரபியலாளர் வெர்ஷூயருக்குச் சாதகமாக 1949இல் கருத்துரை வழங்கிய அறிவியலாளர்களுள் இவரும் ஒருவர். இவரது போர்க்காலப் பங்கு பற்றி வரலாற்றாய்வாளர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மியூனிக்கில் காலமானார்.