பிலைசு பாஸ்கல்

பிலைசு பாஸ்கல் (ஜூன் 19, 1623 – ஆகஸ்ட் 19, 1662) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளர், இயற்பியலாளர், மெய்யியலாளர் மற்றும் உரைநடை எழுத்தாளர் ஆவார். பற்சக்கரங்களைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் செய்யும் பொறியொன்றை இளம் வயதிலேயே உருவாக்கியவர். இன்று மாணவர்கள் கையாளும் கணிப்பான்களின் முன்னோடிகளுள் ஒன்றாக அப்பொறி கருதப்படுகிறது. நிகழ்தகவுக் கோட்பாடு, கூம்பு வெட்டுகள், பாய்மங்களின் அழுத்தம் ஆகிய துறைகளிலும் இவருடைய பங்களிப்பு அடிப்படையானது. இவர் வாழ்ந்தது 39 ஆண்டுகள் மட்டுமே. அவற்றிலும் பெரும்பகுதி நோயோடு கழிந்தது.

இளமை

பாஸ்கல் நடுப் பிரான்சிலுள்ள கிளெர்மோன் நகரில் பிறந்தார். தந்தை எத்தியென் பாஸ்கல் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதத்திலும் தேர்ச்சி பெற்றவர். தாய் அந்துவானெத் பெகோன் 1626இல் காலமானார். மூத்தவர் ழில்பெர்த், இளையவர் ஜாக்குலின் என இவருக்கு இரு சகோதரிகள். 1631இல் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது.

எத்தியென் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். கணிதத்தில் இறங்கினால் சிறுவனின் மனம் மொழிப் பாடங்களில் நிற்காது என்று எண்ணி, வடிவியல் நூல்களை அவன் கண்ணில் படாமல் வைத்திருந்தார். ஆனால் 12ஆம் வயதில் சிறுவன் தரையில் கரியால் உருவங்களை வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களுக்குச் சமம் என்ற முடிவை நெருங்கியிருந்ததைத் தந்தை கண்டார். கோட்டுக்கும் வட்டத்துக்கும் உரிய பெயர்கள் தெரியாததால் அவன் தானே பெயர் சூட்டிக் கொண்டிருந்தான். இச்செய்தி ழில்பெர்த் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து கிடைப்பது. தம்பியின் மீது பேரன்பு கொண்ட தமக்கை எழுதியது என்பதை நினைவிற் கொண்டே இதைப் படிக்க வேண்டும். அதன்பின் தந்தை யூக்ளிடின் நூலை மகனிடம் கொடுத்தார்.

பாரிசில் மெர்சென் என்னும் துறவியின் அறையில் அக்காலக் கணித அறிஞர்கள் கூடுவது வழக்கம். தந்தையுடன் பாஸ்கலும் அங்கே சென்றார். அக்குழுவிலிருந்த தெசார்க்கின் கருத்துக்களைப் பின்பற்றி, கூம்பு வெட்டுகளைப் பற்றிய ஒற்றைத் தாள் அறிக்கையொன்றை 1640இல் அச்சிட்டார். ஒரு கூம்பு வெட்டின் மேலுள்ள ஆறு புள்ளிகளை இணைத்து அமைக்கும் அறுகோணத்தில், எதிரெதிர்ப் பக்கங்கள் சந்திக்கும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமையும் என்பது இன்று இவர் பெயராலேயே வழங்கும் தேற்றம். பதினாறு வயதுச் சிறுவனின் வேலை இது என்பதை டேக்கார்ட் எளிதில் ஏற்கவில்லை.

கணக்கிடும் பொறி

1638இல் அரசு தன் கடன் பத்திரங்களுக்குரிய வட்டியைக் குறைத்தபோது, பாதிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து எத்தியென் எதிர்ப்புத் தெரிவித்தார். முதலமைச்சர் ரிஷலியுவின் சினத்துக்கு ஆளாகிப் பாரிசை விட்டுத் தலைமறைவாக நேர்ந்தது. அடுத்த ஆண்டு ரிஷலியுவின் முன் நடந்த நாடகமொன்றில் நடித்த சிறுமி ஜாக்குலின், தந்தைக்காக மன்னிப்பு வேண்டிப் பெற்றாள். மன்னிப்போடு வேலையும் வந்தது. வரிக்கு எதிரான கலகம் அப்போதுதான் அடக்கப்பட்டிருந்த நார்மண்டிப் பகுதிக்கு, ரூவான் நகரில் வரி ஆணையராக எத்தியென் அனுப்பப்பட்டார். ஊர் ஊராக வரியைப் பங்கிட்டுக் கணக்கிடும் பணி அவரை நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருக்கச் செய்தது. மகனும் உதவினார்.

இந்தக் கணக்கின் தொல்லை பெருந்தொகைகளில் மட்டும் இல்லை. அன்றைய பிரெஞ்சு நாணய முறையில் 12 தெனியே ஒரு சூ. 20 சூ ஒரு லீவர். (இந்தியாவில் 1957 வரை வழங்கிய ரூபாய், அணா, பை கணக்கு தெரிந்தவர்களுக்கு இதன் சிரமம் புரியும்.) ஒவ்வொரு நிரலிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் மீதியை அடுத்த நிரலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதை எந்திரத்திடம் விடலாம் என்ற எண்ணத்தில் பாஸ்கல் 1642இல் வேலையைத் தொடங்கினார்.

பொறி, மேசை மேல் வைக்கத்தக்க நீள் சதுரப் பித்தளைப் பெட்டி. மேற்புறத்தில் ஆரங்களுடன் கூடிய சக்கரங்கள் வரிசையாக இருக்கும். வேண்டிய இலக்கத்துக்கு நேரான ஆர இடைவெளியில் சிறு குச்சியைச் செருகி, தடை வரும் வரை சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பழைய சுழல் தட்டுத் தொலைபேசியைப் பயன்படுத்தியவர்களுக்கு இச்செயல் பழக்கமானதே. விடை, மேலேயுள்ள சிறு சாளரங்களில் தெரியும். நாணயக் கணக்குக்கான பொறியில் வலக்கோடியிலுள்ள இரு சக்கரங்கள் 12 ஆகவும் 20 ஆகவும் பிரிக்கப்பட்டிருந்தன, மற்றவை பத்தாக. முழுவதும் பதின்மமான பொறிகளும், நில அளவைக்கான பொறிகளும் செய்யப்பட்டன.

உண்மையான சிக்கல் மீதியைக் கடத்துவதில் இருந்தது. 999999 உடன் 1ஐக் கூட்டும்போது ஆறு சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ள வேண்டும். சாதாரணப் பற்சக்கரத் தொடராக அமைத்தால் முதற் சக்கரத்தைச் சுழற்றும் கையே எல்லாச் சக்கரங்களின் உராய்வையும் சுமக்க வேண்டிவரும். பொறி சிக்கிக் கொள்ளும். இதற்குப் பாஸ்கல் கண்ட தீர்வு புவியீர்ப்பு. ஒவ்வொரு சக்கரமும் சுழலச் சுழல எடை கொண்ட நெம்புகை ஒன்றைச் சிறிது சிறிதாக உயர்த்தும். சக்கரம் 9இலிருந்து 0க்குச் செல்லும் கணத்தில் நெம்புகை விடுபட்டுத் தன் எடையாலேயே விழுந்து, அடுத்த சக்கரத்தை ஓரடி தள்ளும். ஆக, கடத்தலுக்கான ஆற்றல் முன்கூட்டியே சேமிக்கப்பட்டுவிடுகிறது. கை தள்ள வேண்டியது ஒரு சக்கரத்தை மட்டுமே.

இந்த அமைப்புக்கு ஒரு விலையும் இருந்தது. சக்கரங்கள் ஒரே திசையில்தான் சுழலும். எனவே பின்னோக்கிச் சுழற்றிக் கழிக்க முடியாது. பாஸ்கல் இதை 9இன் நிரப்பிகளைக் கொண்டு தீர்த்தார். எடுத்துக்காட்டாக 645இலிருந்து 217ஐக் கழிக்க வேண்டுமெனில், 645இன் ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து கழித்து 354 என எடுத்துக்கொள்ள வேண்டும். அதனுடன் 217ஐக் கூட்டினால் 571. இதன் நிரப்பி 428, அதுவே விடை. மனிதர் இதை மனதால் செய்யத் தேவையில்லை. சாளரத்தின் பின்னுள்ள உருளைகளில் ஒவ்வோர் இலக்கத்தோடும் அதன் நிரப்பியும் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு சட்டத்தை நகர்த்தினால் ஒரு வரிசை மறைந்து மற்றது தெரியும். இன்றைய கணினிகள் இரும எண்களில் கழித்தலைக் கூட்டலாக மாற்றிச் செய்வதும் இதே கருத்தின் வழியில்தான். பெருக்கலைத் திரும்பத் திரும்பக் கூட்டியே செய்ய வேண்டியிருந்ததால் அதற்கு இப்பொறி அவ்வளவாகப் பயன்படவில்லை.

மரம், தந்தம், செம்பு எனப் பல பொருள்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்ததாகப் பாஸ்கல் எழுதியுள்ளார். இடையில் ரூவான் நகரக் கடிகாரக் கைவினைஞர் ஒருவர் கேள்விப்பட்டதை வைத்தே போலிப் பொறியொன்றைச் செய்தார். வெளியே பளபளப்பாகவும் உள்ளே பயனற்றும் இருந்த அதைக் கண்டு மனமுடைந்த பாஸ்கல் தம் வேலையாட்கள் அனைவரையும் அனுப்பிவிட்டார். தம் பெயரில் ஒரு பழுதான பொருள் உலவினால் மக்கள் நல்லதையும் நம்பமாட்டார்கள் என்பதே அவருடைய அச்சம். அரசின் உயர் அதிகாரியான பியேர் செகியே ஊக்கம் அளித்ததால் மீண்டும் தொடங்கினார். 1645இல் நிறைவுற்ற பொறி செகியேவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1649இல் இதைச் செய்து விற்கும் தனியுரிமையை அரசர் வழங்கினார். 1652இல் சுவீடன் அரசி கிறிஸ்தினாவுக்கு ஒரு பொறியும் விளக்கக் கடிதமும் அனுப்பப்பட்டன.

எனினும் வணிகம் தேறவில்லை. ஒரு பொறியின் விலை ஏறக்குறைய 100 லீவர். சம்பளத்துக்குக் கணக்கெழுதுபவர்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஒவ்வொரு பற்சக்கரமும் கையால் அராவப்பட்டதால் விலையைக் குறைக்க வழியில்லை. கருத்து முதிர்ந்திருந்தது, உலோகத் தொழில் முதிரவில்லை.

இதுவே முதற் பொறி என்று பல நூல்கள் கூறினாலும், ஜெர்மானியரான வில்லெம் சிக்கார்டு 1623இல், அதாவது பாஸ்கல் பிறந்த ஆண்டிலேயே, ஒரு கணக்கிடும் கடிகாரத்தை வடிவமைத்திருந்தார். கெப்ளருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் கவனம் பெற்றன. பாஸ்கல் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வெற்றிடமும் அழுத்தமும்

1646இல் டோரிசெல்லியின் பாதரசக் குழாய்ச் சோதனையைப் பாஸ்கல் ரூவானில் மீண்டும் செய்தார். குழாயின் மேற்பகுதியிலுள்ள வெளி உண்மையிலேயே வெற்றிடம் என்றும், பாதரசத்தைத் தாங்குவது காற்றின் எடையே என்றும் இவர் கருதினார். அவ்வாறாயின் மலையுச்சியில் பாதரசம் தாழ வேண்டும். நோய் காரணமாகத் தாம் ஏற முடியாத நிலையில், ழில்பெர்த்தின் கணவரான பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று கிளெர்மோனை அடுத்த பியூய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் ஒரு குழாயை நிறுவி, அதைக் கண்காணிக்க ஒருவரை அமர்த்திவிட்டுச் சென்றது குறிப்பிடத்தக்கது. உச்சியில் பாதரசம் சுமார் எட்டரை சென்டிமீட்டர் தாழ்ந்தது. அடிவாரத்துக் குழாயில் நாள் முழுவதும் மாற்றமில்லை. அழுத்தத்தின் அனைத்துலக அலகுக்கு 1971இல் பாஸ்கல் என்று பெயரிடப்பட்டது.

நிகழ்தகவும் எண் முக்கோணமும்

1654இல் ஷெவாலியே த மெரே எழுப்பிய சூதாட்டக் கேள்வியொன்றைக் குறித்துப் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் எழுதிக் கொண்டனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்குப் பணம் என்று இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்றபின் ஆட்டம் நின்றுவிட்டால் 64 காசை எப்படிப் பிரிப்பது? அடுத்த ஆட்டத்தில் முந்தியிருப்பவர் தோற்றாலும் சமநிலையாகி 32 அவருக்கு உறுதி. மீதி 32ஐ வெல்லும் வாய்ப்பு பாதி. ஆகவே அவருக்கு 48, மற்றவருக்கு 16. நடந்ததைப் பார்க்காமல் நடக்கவிருப்பதைக் கணக்கிடும் இந்த முறையிலிருந்தே நிகழ்தகவுக் கோட்பாடு வளர்ந்தது.

இதே ஆண்டில் ஈருறுப்புக் கெழுக்களின் முக்கோணம் பற்றிய நூலையும் எழுதினார். அது 1665இல் வெளியாயிற்று. முக்கோணம் புதியதன்று. இந்தியாவில் பிங்கலரின் யாப்பு நூலுக்கு ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையில் இது மேரு பிரஸ்தாரம் என்று விளக்கப்பட்டுள்ளது; சீனத்திலும் பாரசீகத்திலும் அறியப்பட்டிருந்தது. பாஸ்கல் செய்தது அதன் பண்புகளைத் தொகுத்து, கணிதத் தொகுத்தறிதல் முறையால் தெளிவாக நிறுவியதாகும்.

சமய வாழ்வு

1646இல் தந்தை பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டபோது, அவருக்கு மருத்துவம் செய்த இரு சகோதரர்கள் வழியாக யான்சனியக் கொள்கை குடும்பத்துக்குள் வந்தது. 1651இல் தந்தை இறந்தார். ஜாக்குலின் போர்-ரோயால் மடத்தில் துறவியாக விரும்பியதைப் பாஸ்கல் முதலில் எதிர்த்தார். அவளுக்குரிய சொத்துப் பங்கைத் தருவதிலும் தயங்கினார். பின்னர் இணங்கினார்.

1654 நவம்பர் 23 இரவில் ஏற்பட்ட ஆழ்ந்த சமய அனுபவத்தைத் தாளொன்றில் எழுதி மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே அது தெரியவந்தது. 1656–57இல் இயேசு சபையினரைக் கண்டித்து லூயி த மொந்தால்த் என்ற புனைபெயரில் எழுதிய 18 கடிதங்கள் பிரெஞ்சு உரைநடையின் சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றன. கிறித்தவத்தை ஆதரித்து எழுதத் திட்டமிட்ட நூலின் குறிப்புகள் 1670இல் சிந்தனைகள் என்ற பெயரில் வெளிவந்தன.

கணிதத்தை இவர் முற்றிலும் விட்டுவிடவில்லை. 1658இல் பல்வலியால் உறங்க இயலாத இரவொன்றில், உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைவரையான சைக்ளாய்டு பற்றிச் சிந்திக்கத் தொடங்கி, அதன் பரப்பு, கன அளவு, ஈர்ப்பு மையம் ஆகியவற்றைக் கண்டறிந்தார். புனைபெயரில் ஒரு போட்டியும் அறிவித்தார். பரிசுக்குரிய விடையை எவரும் அனுப்பவில்லை என நடுவர்கள் தீர்ப்பளித்தது சிலருக்கு மனக்கசப்பைத் தந்தது. லைப்னிட்சு பின்னாளில் நுண்கணிதத்துக்கான தூண்டுதலைப் பாஸ்கலின் இக்கால எழுத்துக்களிலிருந்தே பெற்றதாகக் கூறினார்.

இறுதிக் காலம்

1661 அக்டோபரில் ஜாக்குலின் இறந்தார். 1662 மார்ச் 18 அன்று, பாஸ்கலும் அவருடைய நண்பர் ரோவானே கோமகனும் திட்டமிட்ட பொதுக் குதிரை வண்டிகள் பாரிசில் ஓடத் தொடங்கின. குறித்த வழி, குறித்த நேரம், 5 சூ கட்டணம் என அமைந்த இது இன்றைய நகரப் பேருந்தின் முன்னோடி. தம் வீட்டில் தங்க வைத்திருந்த ஏழைக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டபோது, அவர்களை வெளியேற்றாமல் தாமே வெளியேறித் தமக்கை வீட்டுக்குச் சென்றார். அங்கேயே ஆகஸ்ட் 19 அன்று காலமானார். உடல் புனித எத்தியென் து மோன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

மாணவர் கணிப்பான்களில்

பாஸ்கலின் பொறிகளுள் எஞ்சியுள்ளவை பத்துக்கும் குறைவே. அவற்றுள் நான்கு பாரிசின் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1970இல் நிக்லாஸ் விர்த் தாம் உருவாக்கிய நிரல் மொழிக்குப் பாஸ்கல் என்று பெயரிட்டார்.

1985இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட கணிப்பான் முதல், வரைபடம் வரையும் கணிப்பான்கள் மாணவர் கைக்கு வந்தன. அவற்றில் சேர்மானங்களின் எண்ணிக்கையைத் தரும் கட்டளை, பாஸ்கல் முக்கோணத்தின் ஓர் உறுப்பையே தருகிறது. சைக்ளாய்டை வரைய, துணையலகு முறையைத் தேர்ந்து, கிடை அச்சுக்குக் கோணத்திலிருந்து அதன் சைனைக் கழித்ததையும், நிலை அச்சுக்கு ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்ததையும் இட வேண்டும். கோண அலகு ரேடியனில் இல்லாவிட்டால் வளைவரை கிடைக்காது. இரு அச்சுகளின் அளவுத்திட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் வளைவு நசுங்கித் தெரியும். துருவ ஆய முறையில் வரையப்படும் பாஸ்கலின் நத்தை வளைவரையும் பாடநூல்களில் காணப்படுவது. ஆனால் அப்பெயர் பிலைசு பாஸ்கலைக் குறிப்பதன்று. வரிக் கணக்கோடு போராடிய தந்தை எத்தியெனின் நினைவாக ரோபெர்வால் இட்ட பெயர் அது.